காலடி எண்ணும் கருவி சைக்கிளைக் காணாது

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கலவன் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி கற்பிக்கிறேன். தரம் 7, 8 இரண்டிலும் சேர்த்து 40 பிள்ளைகள். வயது 12, 13. ஒரு நாளைக்கு இவர்கள் உண்மையில் எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்று அளந்து எனது செயல்நிலை ஆய்வாக எழுத விரும்புகிறேன். முதலில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தேன்: ‘கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் 60 நிமிடமாவது உடலை அசைத்துச் சுறுசுறுப்பாக இருந்தாய்?’ 40 பேரில் 34 பேர் 7 நாளும் என்று எழுதிவிட்டார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர் 10 பெடோமீற்றர் அனுப்பியிருக்கிறார். இவற்றை எப்படிப் பயன்படுத்துவது, எத்தனை நாள் கட்டவேண்டும்? கைத்தொலைபேசிச் செயலியே போதும் என்கிறார் சக ஆசிரியர். அது சரியா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

நீங்கள் நம்பாதது சரி. 11 முதல் 17 வயது வரையானோரில் 81 வீதமானோர் போதிய உடற்செயற்பாடு இல்லாமல் இருப்பதாக 2016ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவன மதிப்பீடு சொல்கிறது. வன்னிப் பிள்ளைகள் உலகச் சராசரியைவிட அதிகம் அசைபவர்களாக இருக்கலாம். அதற்காக 40இல் 34 பேர், அதுவும் ஒரு நாள்கூடத் தவறாமல் என்றால் இடிக்கிறது.

கேள்வியில் பிழையில்லை. பாடசாலை மாணவருக்கான உலக சுகாதார ஆய்விலும் இதே கேள்விதான் கேட்கப்படுகிறது. இலங்கையில் 2008இலும் 2016இலும் அந்த ஆய்வு நடந்தது. ஆயிரக்கணக்கான மாணவரிடம் கேட்டு, நாட்டுக்கு நாடு ஒப்பிட அது உதவும். 40 பேருள்ள இரண்டு வகுப்புகளில் யார் அசைகிறார், யார் அசையவில்லை என்று பிரித்துக் காட்டும் கூர்மை அதற்குக் கிடையாது. 12 வயதுப் பிள்ளை ஏழு நாளின் நிமிடங்களை மனதிற்குள் கூட்டிப் பார்ப்பதில்லை; ‘நான் சோம்பேறியா, இல்லையா’ என்ற கேள்விக்கே பதில் எழுதுகிறது. கேட்பவர் உடற்கல்வி ரீச்சர் என்றால் எல்லாரும் 7 என்று எழுதுவதில் வியப்பில்லை. அந்தத் தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள். பிறகு வரும் அளவுகளுக்குப் பக்கத்தில் ஒரு நிரலாக வைத்தால், பிள்ளைகள் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியே உங்கள் ஆய்வின் நல்லதொரு முடிவாக இருக்கும்.

கருவியைக் கையில் எடுக்குமுன் எதை அளக்கப்போகிறீர்கள் என்று ஒரு வசனத்தில் எழுதி வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், 5 முதல் 17 வயது வரையானோருக்கு மிதமான அல்லது தீவிரமான செயற்பாடு வாரம் முழுவதற்குமான சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் வேண்டும் என்கிறது. 2010ஆம் ஆண்டு வழிகாட்டல் ஒவ்வொரு நாளும் குறைந்தது 60 நிமிடம் என்றது. திங்கள் 30 நிமிடமும் ஞாயிறு 90 நிமிடமும் அசைந்த பிள்ளை பழைய கணக்கில் திங்கட்கிழமை தவறிவிட்டது. புதிய கணக்கில் அந்த இரண்டு நாளும் சேர்ந்து சரியாகிவிடும். எந்தக் கணக்கைப் பின்பற்றினீர்கள் என்று அறிக்கையில் சொல்லாவிட்டால் உங்கள் வீதம் எதனோடும் ஒப்பிட முடியாத எண்ணாகிவிடும்.

மிதம் எது, தீவிரம் எது என்று பிள்ளைகளுக்கு விளக்கப் பேச்சுச் சோதனை போதும். அசையும்போது கதைக்க முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட மூச்சு இடந்தரவில்லை என்றால் மிதம். நாலைந்து சொல்லுக்கு மேல் கதைக்க முடியாமல் இழைக்கிறது என்றால் தீவிரம். பாடிக்கொண்டே செய்யலாம் என்றால் அந்த 60 நிமிடத்தில் அது சேராது. வகுப்பிலேயே ஒரு நிமிடம் நடக்கவிட்டு, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஏதாவது ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். ஒரே பாடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இனிப் பெடோமீற்றர். அது எண்ணுவது காலடிகளை மட்டும். எவ்வளவு நேரம் என்றோ எவ்வளவு கடுமையாக என்றோ சாதாரண பெடோமீற்றர் சொல்லாது. உங்கள் இடத்தில் இதைவிடப் பெரிய குறை, சைக்கிள் ஓட்டத்தை அது காணாது என்பது. மேலை நாட்டில் எழுதப்பட்ட கையேடுகள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும், ஏனென்றால் அங்கே பல பிள்ளைகள் பஸ்ஸிலோ காரிலோ பாடசாலைக்கு வருகிறார்கள். வன்னியில் ஒரு பிள்ளையின் நாளில் மிகப் பெரிய உடற்செயற்பாடே பாடசாலைக்கும் ரியூசனுக்கும் சைக்கிள் மிதித்துப் போய்வருவதாக இருக்கலாம். 4 கி.மீ. தூரத்தை மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 20 நிமிடம். போகவர 40 நிமிடம். சமதரையில் சாதாரணமாக மிதிப்பதே மிதமான செயற்பாட்டில் சேரும். அதாவது 60இல் 40 நிமிடம் கருவிக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். அ என்ற மாணவன் 4 கி.மீ. சைக்கிளில் வருகிறான், பெடோமீற்றர் 7,900 காட்டுகிறது. ஆ என்ற மாணவிக்கு வீடு பாடசாலை மதிலுக்கு அடுத்த ஒழுங்கையில். இடைவேளையில் ஓடி விளையாடியும் கடைக்குப் போய்வந்தும் 11,600 காட்டுகிறது. கருவியை மட்டும் நம்பினால் ‘தூரத்துப் பிள்ளைகள் அசைவது குறைவு’ என்று எழுதுவீர்கள். உண்மை தலைகீழாக இருக்கக்கூடும்.

சைக்கிள் நிமிடத்தைக் காலடியாக மாற்றும் பெருக்கங்கள் இணையத்தில் கிடைக்கும். அந்த வழியில் போகாதீர்கள். ஒவ்வொருவர் ஒவ்வொரு பெருக்கத்தைச் சொல்கிறார்கள், எதுவும் கிரவல் ரோட்டில் 12 வயதுப் பிள்ளையை வைத்துச் சரிபார்க்கப்பட்டதல்ல. காலடி ஒரு நிரல், சைக்கிள் நிமிடம் இன்னொரு நிரல் என்று கடைசிவரை தனித்தனியாக வைத்திருங்கள்.

சைக்கிள் நிமிடத்தை எடுக்கும்போது கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி: ‘மிதித்தது யார்?’ ஒரு சைக்கிளில் இரண்டு பேர் வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். கரியரிலோ பாரிலோ இருந்து வந்த பிள்ளைக்கு அது இருந்த நேரம். மிதித்தவனுக்கோ தனியே வருவதைவிடக் கடுமையான வேலை. போகும்போது ஒருவன், வரும்போது மற்றவன் என்று மாறி மிதிப்பார்கள், ஆகவே போனதையும் வந்ததையும் தனியாகக் கேளுங்கள். நேரத்தைப் பிள்ளையின் ஊகத்திற்கு விடவேண்டாம். வீட்டிலிருந்து பாடசாலைக்கான தூரத்தைக் கைத்தொலைபேசி வரைபடத்தில் ஒருமுறை அளந்து பட்டியல் போடுங்கள். சைக்கிளில் வருபவர்கள் புறப்படும் நேரத்தையும் வாசலுக்கு வந்த நேரத்தையும் இரண்டு நாள் குறித்தால் சரியான நிமிடம் கிடைத்துவிடும். வழியில் கடையில் நின்ற நேரத்தைக் கழிக்க மறக்கவேண்டாம்.

இன்னொரு தொல்லை, குண்டும் குழியுமான வீதியில் சைக்கிள் குலுங்கும்போது சில பெடோமீற்றர்கள் அதையும் காலடியென்று எண்ணிவிடும். பஸ்ஸிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் இதே கதை. பெரிய பிள்ளை ஒருவரிடம் கருவியைக் கட்டி, பாடசாலைக்கு வரும் வழியில் 1 கி.மீ. மிதிக்க வைத்து எத்தனை ஏறுகிறது என்று பாருங்கள். இருபது முப்பது என்றால் விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் ஏறினால் அந்தக் கருவி உங்கள் ஊருக்குச் சரிவராது.

உங்களிடமுள்ள கருவி எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. காதருகே பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். உள்ளே நெம்பு தட்டும் ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால் சுருள்வில் வகை. சத்தம் இல்லாவிட்டால் அசைவின் அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றும் அழுத்தமின் உணரி வகையாக இருக்கலாம். சுருள்வில் வகை செங்குத்தாக நிற்கவேண்டும். சரிந்தால் எண்ணிக்கை குறையும், மெதுவாக நடந்தாலும் குறையும். வயிறு சற்றுத் தள்ளிய பிள்ளைக்குக் கருவி முன்னோக்கிச் சாய்வதால், உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பிறகு ‘பருத்த பிள்ளைகள் அசைவதில்லை’ என்ற பிழையான முடிவு வந்து சேரும். அப்படியான பிள்ளைக்குக் கருவியைப் பக்கவாட்டில், இடுப்பெலும்புக்கு மேல் செங்குத்தாக நிற்கும் இடத்தில் கட்டுங்கள்.

வழமையான இடம் வலது இடுப்பு, முழங்காலின் நடுவிலிருந்து நேரே மேலே. ஆண்பிள்ளைகளுக்குக் காற்சட்டைப் பட்டியில் கொளுவலாம். பெண்பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில்தான் சிக்கல்: அது ஒரே சட்டை, இறுக்கமான இடுப்புப்பட்டி கிடையாது. சுருக்குத் துணியில் கொளுவினால் கருவி துணியோடு சேர்ந்து ஆடும், எண்ணிக்கை தாறுமாறாகும். தையற்கடையில் 2.5 செ.மீ. அகல இலாஸ்ரிக் நாடா வாங்கி, நுனியில் கொளுக்கி வைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பட்டி தையுங்கள். சட்டைக்கு மேலே கட்டினாலும் போதும். இரண்டு விரல் மட்டும் உள்ளே போகும் இறுக்கம் வேண்டும். கருவி கழன்று கிணற்றில் விழாமலிருக்க அதிலிருந்து பட்டிக்கு ஒரு சிறு நூல். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் பட்டி கொடுத்து ஆண்பிள்ளைகளுக்குக் காற்சட்டையில் கொளுவினால், வரும் வித்தியாசம் பிள்ளையாலா பட்டியாலா என்று பிரிக்க முடியாது.

கொடுக்குமுன் ஒவ்வொரு கருவிக்கும் இலக்கம் ஒட்டுங்கள். கருவியைக் கட்டிக்கொண்டு, மைதானத்தில் வழமையான வேகத்தில் 100 காலடி எண்ணி நடந்து பார்க்கவேண்டும். 95க்கும் 105க்கும் இடையில் காட்டினால் எடுக்கலாம். இரண்டாம் முறையும் அந்த எல்லைக்கு வெளியே போனால் பற்றரியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் போனால் ஒதுக்குங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு குழு மாறும்போதும் திரும்பச் செய்யவேண்டும். முதல் வாரம் சரியாக இருந்த கருவி நாலாம் வாரம் சோர்ந்துபோனால் உங்களுக்கு வேறெப்படித் தெரியும்?

10 கருவியையும் ஒரேயடியாக வெளியே விடாதீர்கள். 8 பயன்பாட்டுக்கு, 2 கைவசம். 40 பிள்ளைகள் 5 குழுவாகிறார்கள். ஒவ்வொரு குழுவிலும் 4 ஆண், 4 பெண். சைக்கிள்காரரும் நடந்து வருபவரும் கலந்திருக்கும்படி சீட்டுப் போட்டுப் பிரித்துவிடுங்கள். ஆண்கள் முதல், பெண்கள் பிறகு என்று வைத்தால், பெண்களின் வாரத்தில் மழை வந்தால் எல்லாம் குழம்பும். எண் சரியாகப் பிரியாவிட்டால் கடைசிக் குழுவில் கூடக்குறைய வரட்டும், அது பிரச்சினையில்லை.

ஒரு குழுவுக்கு 8 நாள்: முதல் நாள் பழகுவதற்கு, அதன் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புதிதாக ஒன்றைக் கட்டியதும் பிள்ளை தேவைக்கு மேல் ஓடும், அடிக்கடி எடுத்துப் பார்க்கும், சிலர் கையில் வைத்துக் குலுக்குவார்கள். அடுத்த 7 நாளும் கணக்கு நாள்கள். முதற் குழு ஒரு திங்கட்கிழமை தொடங்கினால் செவ்வாய் முதல் அடுத்த திங்கள் வரை கணக்கு. அடுத்த நாள் செவ்வாய் காலை வாங்கி, சோதித்து, இரண்டாம் குழுவுக்குக் கொடுக்கலாம். இப்படி ஒவ்வொரு குழுவும் ஒரு நாள் தள்ளித் தொடங்க, ஐந்தாம் குழு வெள்ளிக்கிழமை தொடங்கும். எல்லாத் தொடக்கமும் பாடசாலை நாளிலேயே அமையும்.

இலக்கத் திரையை மூடி ஒரு ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். ஒவ்வொரு நாள் காலையும் முதலாம் பாடத்திற்கு முன் நீங்களே திறந்து, எண்ணைக் குறித்து, புது ஒட்டுத்தாள் ஒட்டவேண்டும். பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டாம். கூட்டெண்ணை அப்படியே எழுதி, நேற்றையதைக் கழியுங்கள். இன்றைய எண் நேற்றையதைவிடக் குறைந்திருந்தால் யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள் என்று உடனே தெரிந்துவிடும். வெள்ளி, சனி இரவில் அம்மாவோ அக்காவோ திறந்து எழுதுவதற்கு ஒரு சிறு தாளும் இரண்டு ஒட்டுத்தாளும் வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கருவியில் 7 நாள் நினைவகம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

எப்போது கழற்றினான் என்பதும் தாளில் இருக்கவேண்டும். குளிப்புக்கும் குளத்துக்கும் கழற்றத்தான் வேண்டும். ஆனால் கபடிக்கும் உதைபந்துக்கும் ‘உடைஞ்சுபோகும்’ என்று கழற்றிவைத்தால், நாளில் அதிகம் அசைந்த நேரமே போய்விட்டது. கபடியில் பிடிபடும்போது இடுப்பில் கருவி குத்தும் என்பது உண்மை. அதற்குக் கழற்றட்டும், நிமிடத்தை மட்டும் எழுதட்டும். விழித்திருக்கும் நேரத்தில் 10 மணித்தியாலமாவது கட்டியிருந்த நாளே கணக்கு நாள். 7 நாளும் கிடைப்பது அரிது. பாடசாலை நாள் 3, வார இறுதி நாள் 1 என்று மொத்தம் 4 நாளாவது கிடைத்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 1,000க்குக் குறைந்ததையும் 30,000க்குக் கூடியதையும் பொதுவாக நீக்குவார்கள். நீக்குமுன் பிள்ளையிடம் ஒருதரம் கேளுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்துபோன பிள்ளைக்கு 30,000 பொய்யாக இருக்கவேண்டியதில்லை. அதற்காக அது அவனுடைய வழமையான நாளும் ஆகாது.

காலடிக்கு இலக்கு என்று ஒன்று வேண்டுமானால், பதின்ம வயதினருக்கு 60 நிமிடச் செயற்பாட்டுக்கு ஈடாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 முதல் 11,700 காலடி என்ற மதிப்பீடு உண்டு. அதைவிடச் சிறிய, ஆரம்பப் பிரிவு வயதினருக்கு ஆண்களில் 13,000 முதல் 15,000, பெண்களில் 11,000 முதல் 12,000. உங்கள் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். முதலாவதைப் பயன்படுத்தி, அதைச் சொல்லிவிடுங்கள். சைக்கிள்காரருக்கு இந்த இலக்கை வைத்து எட்டினார், எட்டவில்லை என்று போடவேண்டாம்.

சைக்கிளையும் வீட்டு வேலையையும் பிடிப்பதற்கு நேற்றைய நாளை நினைவுகூரும் தாள் ஒன்று வேண்டும். ‘கடந்த வாரம்’ என்று கேட்காமல் ‘நேற்று’ என்று கேட்பதிலேயே பிழை குறைந்துவிடும். ஒற்றைத் தாளில் காலை 5.30 முதல் இரவு 9.30 வரை அரை மணித்தியாலக் கட்டங்கள் போடுங்கள். 32 கட்டம் வரும். ஒவ்வொன்றிலும் என்ன செய்தாய், எவ்வளவு கடுமை, அதில் உண்மையில் அசைந்தது எத்தனை நிமிடம் என்று மூன்று இடம். கடுமைக்கு 0 இருத்தல் அல்லது படுத்தல், 1 இலேசு, 2 மிதம், 3 தீவிரம். அடுத்த நாள் காலையிலேயே, வகுப்பாக இருந்து, நீங்கள் நேரத்தைச் சொல்லச் சொல்ல நிரப்பவேண்டும். முதல்நாள் அரை மணித்தியாலம் எடுக்கும், பிறகு 15 நிமிடம் போதும். மணிக்கூட்டை வைத்துக் கேட்டால் பிள்ளை தடுமாறும். முதல் மணி 7.30, இடைவேளை, 1.30க்குப் பாடசாலை விட்டது, சாப்பிட்டது, ரியூசன், விளக்கு வைத்த நேரம் என்று தெரிந்த கம்பங்களை முதலில் நட்டுவிட்டு இடையை நிரப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடசாலை நாள் இரண்டு, ஞாயிறு ஒன்று என மூன்று தாள் போதும். ஞாயிற்றுக்கிழமைத் தாள் திங்கள் காலை.

பிழை வரும் இடம் மூன்றாவது நிரல். ‘கிரிக்கெட், 2 மணித்தியாலம்’ என்று எழுதுவான். துடுப்பு வரும்வரை மரநிழலில் இருந்தது, எல்லைக்கோட்டில் நின்றது, பற்றைக்குள் பந்து தேடியது எல்லாம் அதற்குள் அடக்கம். 30 நிமிடக் கட்டத்தில் ஓடியது எவ்வளவு என்று கேட்டால் 8, 10 என்று வரும். கரப்பந்திலும் வலைப்பந்திலும் ஆள் மாறி வெளியே நின்ற நேரம் கழியவேண்டும். கிளித்தட்டு அப்படியல்ல, உள்ளே நிற்கும்வரை ஓட்டந்தான். மறுபக்கம், வீட்டு வேலையை எழுதவே மாட்டார்கள், அதை யாரும் விளையாட்டாகவோ பயிற்சியாகவோ அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. கயிற்றில் தண்ணீர் இழுத்து வாளியில் சுமந்தது, முற்றம் கூட்டியது, விறகு கொத்தியது, மாடு சாய்த்துக்கொண்டு வந்தது, கச்சான் பிடுங்கியது, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தது என்று ஒரு பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவைத்து நிரப்பச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் நிமிடம் இதில்தான் கூடும். கிணற்றுக்கு மோட்டார் பூட்டிய வீட்டுப் பிள்ளைக்கும் கயிறு இழுக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ‘தண்ணீர் எடுத்தல்’ ஒன்றல்ல, ஆகவே அதையும் கேளுங்கள்.

பெரியவர்களுக்கான செயற்பாட்டு அட்டவணையிலிருந்து சக்திச் செலவு எண்களை எடுத்து இந்த வயதினருக்குப் பெருக்காதீர்கள். உடல் நிறைக்கு ஏற்பப் பார்த்தால் பிள்ளைகள் சும்மா இருக்கும்போதே பெரியவர்களைவிட அதிக சக்தி செலவிடுகிறார்கள். சிறுவருக்கென்று தனி அட்டவணை உண்டு, ஆனால் கிளித்தட்டை அதில் தேடிப் பயனில்லை. பேச்சுச் சோதனையே உங்களுக்குப் போதிய அளவுகோல்.

ஆயத்தமான கேள்விக்கொத்து வேண்டுமென்றால் கனடாவில் உருவான ‘பிஏகியூ–சி’ 8 முதல் 14 வயது வரைக்கும் பொருந்தும். கடந்த 7 நாளைக் கேட்டு 1 முதல் 5 வரை ஒரு புள்ளி தரும், நிமிடம் தராது. ஆகவே ‘60 நிமிடத்தை எட்டியவர் இத்தனை வீதம்’ என்று அதிலிருந்து எழுத முடியாது. அதன் முதற் கேள்விப் பட்டியலில் பனிச்சறுக்கும் பனி ஹொக்கியும் இருக்கும், அவற்றை எடுத்துவிட்டு எல்லே, கபடி, கிளித்தட்டு, சைக்கிள் என்று போடவேண்டும். ‘ஐபக்’ என்ற பெயரில் பரவலாகக் கிடைக்கும் கேள்விக்கொத்து 15 முதல் 69 வயது வரையானோருக்கு உரியது. அதை உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

கைத்தொலைபேசிச் செயலி பற்றி: வேண்டாம். பாடசாலை நேரத்தில் பிள்ளையிடம் தொலைபேசி இருக்காது, விளையாடும்போது மேசையில் இருக்கும், பல வீடுகளில் அது அப்பாவுடைய தொலைபேசி. கைப்பட்டிகளும் அப்படித்தான். ஒவ்வொரு நிறுவனத்துக் கருவியும் ஒவ்வொரு விதமாக எண்ணும், கையை ஆட்டினால் கூட்டும், சைக்கிள் பிடியைப் பிடித்திருந்தால் குறைக்கும். பல வகைப் பட்டிகளைக் கலந்து கட்டினால் நீங்கள் பிள்ளைகளை அளக்கவில்லை, பட்டிகளை அளக்கிறீர்கள்.

உங்கள் உடற்கல்விப் பாடத்தையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள், இதற்குக் கருவியே வேண்டாம். சக ஆசிரியர் ஒருவர் ஓரத்தில் நிற்கட்டும். ‘பார்’, ‘எழுது’ என்று 10 செக்கனுக்கு ஒருமுறை மாறிமாறிச் சொல்லும் குரலைத் தொலைபேசியில் பதிந்து காதில் போட்டுக்கொள்ளலாம். ‘பார்’ முடியும் கணத்தில் அந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதை எழுதவேண்டும்: 1 படுத்தல், 2 இருத்தல், 3 நிற்றல், 4 நடத்தல், 5 அதைவிடக் கடுமை. முன்கூட்டிச் சீட்டெடுத்த 4 பிள்ளைகளை, ஆளுக்கு 4 நிமிடமாகச் சுற்றிச்சுற்றிப் பார்க்கவேண்டும். நிமிடத்துக்கு 3 பதிவு; 40 நிமிடப் பாடத்தில் 120. அதில் 4உம் 5உம் சேர்த்து 42 வந்தால் 35 வீதம், அதாவது 14 நிமிடம். பாட நேரத்தில் பாதியாவது அசைவாக இருக்கவேண்டும் என்பது பொதுவான இலக்கு. பெரும்பாலும் நேரத்தைத் தின்பது வரிசையில் நிற்பதும், ஒரே ஒரு பந்தும்.

காலத்தைத் தெரிவுசெய்யும்போது இல்ல மெய்வல்லுநர் போட்டிப் பயிற்சி நடக்கும் கிழமைகளையும் தவணைப் பரீட்சையையும் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்கை வெள்ளமானால் சைக்கிளும் நிற்கும், மைதானமும் நிற்கும். வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போகும் பிள்ளையின் எண்ணிக்கை ஏறும். மழை, கடும் வெயில், திருவிழா, காய்ச்சல், வயிற்றுவலி என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பின்னால் ஒரு விசித்திரமான எண்ணை விளங்கிக்கொள்ள அந்த ஒரு சொல்தான் உதவும்.

அனுமதி: அதிபர், வலயக் கல்விப் பணிமனை, பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பிள்ளையின் விருப்பம், நான்கும் வேண்டும். ஆய்விதழில் வெளியிடும் எண்ணமிருந்தால் தொடங்குமுன்னரே பல்கலைக்கழகமொன்றின் ஒழுக்கநெறிக் குழுவிடம் விண்ணப்பியுங்கள், முடிந்தபின் தரமாட்டார்கள். தாளில் பெயருக்குப் பதிலாக இலக்கம். ஆகக்கூடிய காலடிக்குப் பரிசு, பலகையில் தரவரிசை, புள்ளி எதுவும் வேண்டாம். பரிசு அறிவித்த அன்றே குலுக்கல் தொடங்கிவிடும். எடையோடு சேர்த்து வகுப்பில் பேசவும் வேண்டாம். ஒரு பிள்ளை எல்லா அளவிலும் மிகக் குறைவாக வந்து, களைப்பாகவும் வெளிறியும் தெரிந்தால் அது சோம்பலாக இராது, இரத்தச்சோகையாகவோ காலையில் சாப்பிடாமல் வருவதாகவோ இருக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். தரம் 7 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை எப்படியும் உண்டு.

கடைசியாக, பல்கலைக்கழகத் துறை ஏதாவது முடுக்கமானி (உடலசைவின் வேகமாற்றத்தைப் பதியும் சிறு கருவி) இரவல் தந்தால் வாங்குங்கள். அது நிமிடத்தையும் கடுமையையும் தரும். வலது இடுப்பில் கட்டி, தரவை 15 செக்கன் துண்டுகளாகப் பிரிக்கக் கேளுங்கள். இந்த வயதினரின் கடும் ஓட்டம் சில செக்கன்களுக்கே நீடிப்பதால் 60 செக்கன் துண்டில் அது கரைந்துவிடும். அக்டிகிராஃப் என்ற வகை முடுக்கமானியென்றால், எவன்சன் என்ற ஆய்வாளரின் வரையறையில் கருவி பதியும் அசைவு எண்ணிக்கை நிமிடத்துக்கு 2,296இலிருந்து மிதம், 4,012இலிருந்து தீவிரம். பூயோ என்ற இன்னோர் ஆய்வாளரின் வரையறையில் மிதம் 3,200இல்தான் தொடங்கும். ஒரே தரவு, ஆனால் நிமிடம் வெகுவாகக் குறையும். இரண்டையும் கலக்காமல், எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். இடுப்பில் கட்டிய முடுக்கமானியும் சைக்கிளைச் சரியாகப் பிடிக்காது, ஆகவே சைக்கிள் நிரலும் நேற்றைய தாளும் அப்போதும் வேண்டும். கருவியைத் திருப்பிக் கொடுக்குமுன் மூலத் தரவுக் கோப்பை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.